வங்கி பணத்தை நிறுத்தியது, நான் வட்டியை நிறுத்தினேன்

கேள்வி: ஐயா, வணக்கம். நெகிரி செம்பிலான் பகாவில் சொந்தப் பெயரில் மசாலா அரவை வியாபாரம் செய்கிறேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம் இப்போது என் பெயரில் இருக்கிறது. அதை ஒரு வங்கியில் அடமானம் வைத்து, கடை கட்ட 600,000 ரிங்கிட் கடன் எடுத்தேன். கட்டுமானச் செலவு மொத்தம் 780,000. என் பங்கான 180,000-ஐ முதலிலேயே போட்டுவிட்டேன். வங்கி மூன்று கட்டமாக 360,000 கொடுத்தது. நான்காம் கட்ட வேலை முடிந்ததாக ஆர்கிடெக்ட் 120,000-க்குச் சான்றிதழ் கொடுத்தார். நான்கு மாதம் ஒரு பதிலும் இல்லை. கிளை அதிகாரி மட்டும் "அடுத்த வாரம் இறங்கிடும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம், நான் இடையில் குளிர் அறை சேர்த்ததால் செலவு 55,000 கூடிவிட்டது, அதை முதலில் நானே கட்ட வேண்டும் என்று கடிதம் வந்தது. கடையைக் கட்டும் குத்தகையாளர் வேலையை நிறுத்திவிட்டு 120,000 கேட்கிறார். கோபத்தில் மாத வட்டி 1,950 ரிங்கிட்டை மூன்று மாதம் கட்டவில்லை. போன வாரம் வங்கியிடமிருந்து போராங் 16டி நோட்டீஸ் வந்தது. வங்கி மீது வழக்குப் போட்டால் ஏலம் நின்றுவிடுமா? மாடியை டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டு வட்டி கட்டலாம் என்று இருந்தேன். மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதில்: வழக்குப் போட்டதாலேயே ஏலம் நிற்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கையில்தான் நீங்கள் இன்னும் வட்டியைக் கட்டாமல் இருக்கிறீர்கள் போலிருக்கிறது.

உங்கள் மனதில் இது ஒரே சண்டை. அவன் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, சரிக்குச் சரி. சட்டம் இதை இரண்டாகப் பார்க்கிறது. நான்காம் கட்டப் பணத்தைத் தாமதித்தது வங்கியின் தவறா என்பது ஒரு வழக்கு. ஏற்கெனவே வாங்கிய 360,000-க்கு வட்டி கட்டினீர்களா என்பது வேறு வழக்கு. முதலாவதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். இரண்டாவதில் இல்லை. பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில், எந்த எதிர்க் கோரிக்கையையும் கழித்துக்கொள்ளாமல் தவணையைக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

போராங் 16டி தேசிய நிலச் சட்டத்தின் 254-ஆம் பிரிவின் கீழ் வரும் அறிவிப்பு. நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், அல்லது அடமானப் பத்திரத்தில் சொல்லியிருக்கும் வேறு கால அளவு, அதற்குள் குறையைச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் முழுக்கடனும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். இன்றைக்கு உங்கள் நிலுவை 5,850 ரிங்கிட், கூடவே தாமதக் கட்டணம். அடுத்த மாதம் அது 360,000 ஆகிவிடும். ஆறாயிரம் வெள்ளிக்கு அப்பாவின் நிலத்தைப் பணயம் வைக்க வேண்டுமா?

ஆகவே இந்த வாரமே கட்டுங்கள். நகையை வைத்தாவது கட்டுங்கள். கட்டும்போது ஒரு கடிதமும் கொடுங்கள்: "நான்காம் கட்டத் தொகையைத் தாமதித்ததால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் குறித்த உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் இந்த நிலுவையைச் செலுத்துகிறேன்." இந்த ஒரு வாக்கியம் போதும். கிளையில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது உங்கள் கெரானை, அதாவது நிலப் பட்டாவைப் பொறுத்தது. மாநில நிலப் பதிவகத்தில் பதிவான பட்டா என்றால் வங்கி சிரம்பான் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். மாவட்ட நில அலுவலகத்தில் பதிவான கெரான் முக்கிம் என்றால் ஜெம்போல் நில அலுவலகத்தில் நில நிர்வாகி முன் விசாரணை நடக்கும். எங்கே போனாலும், எதிர்க்க வலுவான காரணம் காட்டாவிட்டால் விற்பனை உத்தரவு கிடைத்துவிடும். எது வலுவான காரணம் என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 1997-ல் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு தீர்ப்பில் மூன்று வகையாகச் சுருக்கிவிட்டது. அடமானமே செல்லாதது, அறிவிப்பு முதலிய முன்நிபந்தனைகளை வங்கி நிறைவேற்றாதது, விற்பனை வேறு ஒரு சட்ட விதிக்கோ நியாய நெறிக்கோ எதிரானது. கடன் தொகை எவ்வளவு என்ற சண்டை இதில் எதிலும் அடங்காது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. "வங்கி எனக்கு நஷ்ட ஈடு தர வேண்டும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு விற்பனையைத் தடுக்கப் போனால் பெரும்பாலும் தோல்விதான். உத்தரவு வந்த பிறகும் ஏலம் முடிவதற்குள் முழுத் தொகையைக் கட்டி நிலத்தை மீட்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவீர்கள்?

சரி, வங்கியின் தவறுக்கு வருவோம். 55,000 விஷயத்தில் வங்கி பாதி சரி என்றே நினைக்கிறேன். நீங்கள் 180,000-உம் வங்கி 360,000-உம் போட்டாகிவிட்டது. பழைய திட்டப்படி மிச்ச வேலைக்கு 240,000 தேவை, வங்கியில் மிச்சமும் 240,000. குளிர் அறையைச் சேர்த்ததும் தேவை 295,000 ஆகிவிட்டது. முடிக்கத் தேவையான செலவு மிச்சக் கடனைத் தாண்டினால் வித்தியாசத்தைக் கடன் வாங்கியவர் முதலில் போட வேண்டும் என்பது கட்டுமானக் கடன்களில் வழக்கமான நிபந்தனை. பாதிக் கட்டடத்தை அடமானமாக வைத்திருக்க எந்த வங்கிக்கும் ஆசை கிடையாது. இங்கே ஒரு வழி இருக்கிறது. ஆர்கிடெக்டிடம் சொல்லி, குளிர் அறையை இப்போதைக்கு வேலையிலிருந்து நீக்கி, திருத்திய செலவு மதிப்பீடு வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். பழைய 780,000-க்குத் திரும்பினால் 55,000 என்ற காரணமே அவர்களிடம் இருக்காது.

ஆனால் அந்த நான்கு மாத மௌனத்துக்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். சான்றிதழ் கிடைத்ததும் குறையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று இழுத்திருக்கிறார்கள். உங்கள் வழக்கு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இனி போனில் பேச வேண்டாம், எதுவானாலும் எழுதிக் கேளுங்கள்.

"வங்கி மீது நஷ்ட ஈடு கேட்கவே முடியாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறதே" என்று யாராவது பயமுறுத்தினால் கலங்காதீர்கள். வீட்டு மேம்பாட்டாளருக்குக் கட்ட வேண்டிய படிநிலைத் தொகையை வங்கி கட்டாமல் விட்டதால் ஒரு தம்பதியின் வீட்டு ஒப்பந்தம் ரத்தானது. வங்கி அப்படி ஒரு விதியைக் காட்டித் தப்பப் பார்த்தது. வழக்குரிமையை முற்றிலும் பறிக்கும் அந்த விதி 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. 2019-ல் சட்ட அறிக்கைகளில் வந்த அந்தத் தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம். வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரம் வேண்டாம். தாமதத்தால் கூடுதலாகக் கட்டிய கடை வாடகை, குத்தகையாளர் கேட்கும் காத்திருப்புச் செலவு, பொருள் விலை ஏற்றம் ஆகியவற்றை ரசீதோடு சேர்த்து வையுங்கள். வரவேண்டிய லாபம் போச்சு என்பதை நிரூபிப்பது கடினம்.

வழக்குக்கு முன் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், அந்த இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் நிதிப் புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் போகலாம். பழைய நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. சிறு வணிகர்களும் போகலாம், வங்கிப் புகார்களுக்கு வரம்பு 250,000 ரிங்கிட். நீதிமன்றத்தில் இருக்கும் விவகாரத்தை அவர்கள் எடுக்க மாட்டார்கள், ஆகவே வரிசை முக்கியம்.

எனக்கு வங்கியைவிடக் குத்தகையாளர்தான் கவலை. "வங்கி கொடுத்ததும் தருகிறேன்" என்று அவரிடம் சொல்லியிருப்பீர்கள், ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கலாம். 2012-ஆம் ஆண்டு கட்டுமானத் தொழில் கட்டண, தீர்ப்பளிப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, வங்கிக் கடன் இறங்குவதைப் பொறுத்துத்தான் பணம் தருவேன் என்ற நிபந்தனையே செல்லாது என்கிறது. தனிநபர் முழுக்கத் தன் உபயோகத்துக்கு நான்கு மாடிக்குக் குறைவாகக் கட்டினால் இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் நீங்கள் மாடியை வாடகைக்கு விடப்போகிறீர்கள். அந்த ஆசையால் விலக்கு கைநழுவலாம். அவரிடமிருந்து எழுத்தில் கட்டணக் கோரிக்கை வந்தால் 10 வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். மேஜை டிராயரில் போட்டுவைக்காதீர்கள்.

மனைவி விஷயம். படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனம், குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு லாபமின்றி ஜாமீன் நிற்பவரைத்தான் திவால் நடவடிக்கையிலிருந்து சட்டம் காக்கிறது. உங்களுடையது வியாபாரக் கடன். மற்ற ஜாமீன்தாரர்கள் மீதும் வங்கி நேரே திவால் நடவடிக்கை எடுக்க முடியாது, முதலில் உங்களிடமிருந்து வசூலிக்க மற்ற வழிகளையெல்லாம் முயன்று நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். திவாலுக்குக் கடன் குறைந்தது 100,000 ரிங்கிட் இருக்க வேண்டும், உங்கள் கடன் அதைத் தாண்டிவிட்டது. மனைவி கையெழுத்திட்ட ஜாமீன் பத்திரத்தின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஆஃபர் லெட்டர், அடமானப் பத்திரம், 16டி, அது வந்த கவர், கெரான் நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நான்காம் கட்டச் சான்றிதழை வங்கி எந்தத் தேதியில் பெற்றுக்கொண்டது என்று காட்டும் தாள் ஆர்கிடெக்ட் ஆபீஸில் இருக்கும். அதை நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள்.