ஊரடங்கு வந்தால் போதைப் பழக்கம் தானாக விட்டுப்போகுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: "கொரோனா மாதிரி இன்னொன்று வந்து எல்லாம் மூடிவிட்டால், குடியும் மாத்திரையும் பழகிப்போன என் தம்பியை எப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது? வீட்டைவிட்டு வெளியே விடாமல் வைத்தால் தானாகவே விட்டுவிடுவான் இல்லையா?"

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் 2020-ல் ஊரே அடைத்துக் கிடந்தபோது எங்கள் கடை திறந்திருந்தது. அப்போது கவுண்டர் முன்னால் வந்து நின்றவர்களைப் பார்த்ததை வைத்தும், அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்தும் சொல்கிறேன்.

கேள்வியின் கடைசி வரிக்கு முதலில் பதில். விட மாட்டார். அதைவிட முக்கியம், பூட்டி வைத்துத் திடீரென நிறுத்துவதுதான் இதில் உயிருக்கே ஆபத்தான வேலை.

2020 மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் மூடியது. மறுபடி திறந்தது மே 7-ல். இடையில் ஒன்றரை மாதம். "அப்பாடா, குடும்பம் நிம்மதி" என்று சொன்ன வீடுகள் நிறைய. அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாமல் கை நடுக்கம் நிற்காத ஆள் இருந்த வீட்டில் கதை வேறு. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிடும். இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், பெற்ற அம்மாவையே யாரென்று கேட்பார்கள். காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகிற கட்டம் இதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் ஆள் இறந்துபோகலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் இன்னும் முன்னாலேயே கிளம்ப வேண்டும். ஃபிட்ஸ் வந்த ஆளை வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது லேசில்லை.

ஆஸ்பத்திரியில் "குடிப்பார்" என்பதை மறைக்காதீர்கள். நாள்பட்டுக் குடித்தவருக்கு வைட்டமின் பி1 ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். டாக்டருக்குத் தெரிந்தால்தானே பார்த்துச் செய்வார்? தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் என்றால், டாக்டரைப் பார்க்கும்வரை ஒரேயடியாக நிறுத்த வைக்க வேண்டாம். வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை போடுகிறவருக்கும் இதே எச்சரிக்கைதான், அதைச் சட்டென்று விட்டாலும் ஃபிட்ஸ் வரலாம்.

சரக்கு கிடைக்காதவர் சும்மா இருக்கவும் மாட்டார். 2020 ஜூலைக் கடைசியில் ஆந்திராவின் குறிச்சேடு என்ற ஊரில் சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்த சாராயம் அறுபதுக்கும் அதிகமான உயிர்களை எடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் பலரைச் சேலம் ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் குடித்தவர் அரை நாள் நன்றாகத்தான் இருப்பார். அப்புறம்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். "ஹேங்ஓவர்தான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இனி மாத்திரை. உங்கள் தம்பி எதைப் போடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் பெரும்பாலும் டாபென்டடால் போன்ற வலி மாத்திரைதான், கரைத்து ஊசியாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். அது கிடைக்காமல் போனால் மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் வலிக்கும், பேதியாகும், குளிரும். பார்க்க அப்படியே கொரோனா மாதிரி இருக்கும். டெஸ்ட் எடுங்கள், கூடவே பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதனால் நேரடியாக உயிர் போவது அபூர்வம்; ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்து நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். சில வாரம் நிறுத்திய உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போயிருக்கும். ஊரடங்கு தளர்ந்த அன்றைக்கு அதே பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். நுரையீரல் ஏற்கெனவே கொரோனாவில் அடிபட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். எழுப்பினால் எழாமல், குறட்டை போல ஒரு சத்தத்தோடு, உதடு நீலமாக, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இந்த வகை மாத்திரையின் வேகத்தை முறிக்கும் நலக்ஸோன் என்ற ஊசி போட்டால் ஆள் எழுந்துவிடுவார், ஆனால் அந்த ஊசியின் வேகம் ஒரு மணி நேரம் போலத்தான். அதனால் எழுந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது.

தொற்று வந்து தனி அறையில் வைத்தாலும், உள்தாழ்ப்பாள் போட விடாதீர்கள். மணிக்கொரு தரம் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுங்கள். தள்ளி இருக்கலாம், தனியாக விடக் கூடாது.

பீடி, கஞ்சா, டம்ளர் எதையும் கைமாற்ற வேண்டாம். ஊசி ஒருவருக்கு ஒன்று, அதுவும் ஒரு தடவை மட்டும். கொரோனா வந்து போய்விடும். ஊசியில் வரும் எச்.ஐ.வி.யும் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் அப்படியில்லை. சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டால் நான் தர மாட்டேன். புது சிரிஞ்ச் கேட்டால் தந்துவிடுவேன். என் முதலாளிக்கு இதில் இன்னும் கோபம்தான். எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஊசிப் பழக்கத்துக்கு மாற்று மருந்தாக, நாக்கடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையை அரசு மையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். வழக்கமாகத் தினமும் நேரில் போய் அவர்கள் முன்னாலேயே போட வேண்டும். 2020 ஊரடங்கில் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதித்தார்கள். உங்கள் தம்பி அப்படி மருந்து எடுப்பவர் என்றால், முடக்கம் பற்றிப் பேச்சு அடிபடும்போதே அங்கே கேட்டுவிடுங்கள்.

போலீஸ் பயம் பலரைத் தடுக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வருகிறவரை, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டிக்காமல் விட போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் இடம் இருக்கிறது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது. போனில் கேட்க 14446, அல்லது நம் மாநிலத்தின் 104.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்யலாம். ஜி.எச். மனநலப் பிரிவில் தம்பி பெயரில் ஒரு ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டர் எழுதித் தருவதை போனில் படம் எடுத்து வையுங்கள். 2020 ஏப்ரலில் கடைக்கு வந்தவர்களில் பலரிடம் அந்த ஒரு சீட்டுதான் இல்லை. சீட்டு இருந்தவருக்கு மருந்து கொடுக்க எங்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.