வாடகை வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவருக்குக் கிண்டியில் ஆபீஸ், எனக்கு நுங்கம்பாக்கத்தில். சென்னை சூளைமேட்டில் ஒரு பெட்ரூம் வீட்டில் இருக்கிறோம். அதே வாடகைக்குப் புறநகரில், ஊரப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம், பால்கனி, வாசலில் வேப்ப மரம் என்று ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா” என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. போகலாமா?
– வாசகி, சூளைமேடு

பதில்: உங்கள் கணவர் அந்த வீட்டை எப்போது பார்த்தார்? ஞாயிற்றுக்கிழமை காலையாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதியாக இருக்கும். நீங்கள் வாழப்போவது வேலை நாளில், இருட்டிய பிறகு. அதனால் டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு செவ்வாயோ புதனோ, ஆபீஸ் முடிந்ததும் நுங்கம்பாக்கத்தில் ரயில் ஏறி, ஊரப்பாக்கத்தில் இறங்கி, அந்த வீடு வரைக்கும் நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். கணவர் கூட வரட்டும், பத்தடி பின்னால் வரட்டும்.

உங்கள் இருவர் ஆபீஸும் ஒரே ரயில் பாதையில் இருப்பது பெரிய வசதி. ஆனால் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் போக செங்கல்பட்டு வண்டி வர வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சீசன் டிக்கெட் மலிவுதான், காத்திருக்கும் நேரத்தையும் வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது, தெருவிளக்கு எரிகிறதா, காலி மனைகள் எத்தனை, நாய்கள் எந்த முனையில் படுத்திருக்கின்றன, கடைசியாகத் திறந்திருக்கும் கடை எது, இவ்வளவையும் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ராத்திரி அந்தத் தெருவில் தனியாக நடந்துவரப் போகிறவர்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது தண்ணீர். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். குழாயில் வெள்ளை உப்புப் படிந்திருக்கிறதா, பாத்ரூம் டைல்ஸ் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்து வந்து ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சளாகப் படிந்தால் இரும்பு அதிகம் என்று அர்த்தம். துணியும் பாழாகும், வாஷிங் மெஷினும் பாழாகும். மே மாதத்தில் சம்ப்புக்கு லாரி தண்ணீர் அடிப்பார்களா, அடித்தால் அந்தப் பணம் யார் தலையில்? இதை ஓனரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவார். புறநகரில் பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இன்னும் நிறைய உண்டு. அங்கெல்லாம் செப்டிக் டேங்க்தான். அது எப்போது நிரம்பும், லாரிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் மழை. 2015 டிசம்பரில் தாம்பரம் பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை அங்கே குடியிருந்த யாரும் மறக்க முடியாது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் சேர்ந்துதான் அடையாறாக வருகிறது. அந்த வழியில் வீடு கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கம் தண்ணீர் புகுந்தது. நீங்கள் பார்க்கும் பக்கத்தில் ஊரப்பாக்கம் ஏரி இருக்கிறது, கூடுவாஞ்சேரிக்கு நந்திவரம் ஏரி. ஏரிக்குப் பக்கத்தில் இருப்பது தப்பில்லை. ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், நிரம்பினால் தண்ணீர் எந்தத் தெரு வழியாக இறங்கும் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் தப்பு.

வீடே சில விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். ஈபி மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மரக் கதவின் அடிப்பகுதி ஊதியிருக்கிறதா, நிலைப்படியில் பெயின்ட் மட்டும் புதுசாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். காம்பவுண்டு சுவரின் உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரே கோடாக அழுக்குப் படிந்திருந்தால் அது தண்ணீர் நின்ற அடையாளம். எல்லாவற்றையும் விட முக்கியம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, பல தெருக்களில் ரோடு உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குள் படி இறங்க வேண்டியிருந்தால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம், மாடி கிடைத்தால் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். 2023 டிசம்பர் இறுதியில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, திருநெல்வேலிக்குப் போக ஊரப்பாக்கம் மாதிரி வசதியான இடம் இல்லை. தீபாவளி, பொங்கலுக்கு ஊர் முழுக்க அடித்துப்பிடித்துக் கிளாம்பாக்கம் வரும்போது நீங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் அதே நாட்களில் ஜிஎஸ்டி ரோடு நகராது.

நடந்து பார்த்தபின் மனசு ஒப்பினால் தைரியமாகப் போங்கள். ஒப்பாவிட்டால் குரோம்பேட்டை, சானடோரியம் உள்தெருக்களில் தேடுங்கள். ஒரு அறை குறையும். ஆனால் தாம்பரம் வண்டியே போதும், செங்கல்பட்டு வண்டிக்காக நிற்க வேண்டாம். அந்த உள்தெருக்களிலும் வேப்ப மரம் உண்டு.

கேள்வி: நான்கு வருடம் இருந்த வீட்டைக் காலி செய்தேன். ஐந்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தேன். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன், மீதியை அடுத்தவர் குடிவந்த பிறகு தருகிறேன் என்கிறார் ஓனர். இது நியாயமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: நியாயம் இல்லை. சென்னையில் இது ஊர் வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. வழக்கம் என்பதற்காகச் சரியாகிவிடாது. நான்கு வருடம் மனிதர்கள் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்காகத்தானே மாதாமாதம் வாடகை கொடுத்தீர்கள்?

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எந்த வேலை யாருடையது என்று அட்டவணையே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை ரிப்பேர் வாடகைதாரர் பக்கம். நீங்கள் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை மாறும். அதனால் அக்ரிமென்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸே மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உண்மையான பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது ஓனரின் கவலை, உங்களுடையது இல்லை.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். காலி செய்த தேதி, சாவி கொடுத்த தேதி, கொடுத்த அட்வான்ஸ், வாடகை பாக்கி இல்லை என்ற விவரம், இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து பலருக்கு இந்தக் கடிதத்திலேயே பணம் வந்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் சட்டப்படி அமைந்த வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம். ஆனால் அக்ரிமென்ட் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். வெறும் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதி டிராயரில் போட்டுவைத்தது அங்கே எடுபடுவது கஷ்டம். அடுத்த வீட்டிலாவது ஆன்லைனில் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

கேள்வி: மாடி போர்ஷனில் இருக்கிறோம். தனி மீட்டர் கிடையாது, சப்-மீட்டர்தான். யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். கேட்டால் முகம் மாறுகிறது.
– வாசகி, பட்டாபிராம்

பதில்: ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. வீட்டு இணைப்புக்கு முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். எல்லா யூனிட்டுக்கும் ஒரே 9 ரூபாய் என்றால் அந்த இலவசத்தில் உங்களுக்குப் பங்கே இல்லை என்று ஆகிறது. “பில்லைக் காட்டுங்க அங்கிள், யூனிட் கணக்குப்படி பிரிச்சுக் குடுத்துடறேன்” என்று நல்லவிதமாகக் கேளுங்கள். உங்களுக்குத் தனி வாசல் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம், அந்தச் செலவில் கொஞ்சம் நீங்கள் ஏற்றுக்கொண்டால்கூட லாபம்தான்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஐம்பது வருடம் இருந்தேன். இப்போது மகனோடு மறைமலைநகர் பக்கம் ஒரு புது அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் பேச ஆள் இல்லை. மகனிடம் சொன்னால் வருத்தப்படுவான்.
– வாசகி, வயது 71

பதில்: அம்மா, மகனிடம் சொல்லுங்கள். வருத்தப்பட்டால் படட்டும், தெரியாமல் இருப்பதைவிட அது நல்லது. திருவல்லிக்கேணியில் வாசலில் நின்றாலே பூக்காரம்மா, பால்காரர், கோயிலுக்குப் போகிறவர்கள் என்று நாலு வார்த்தை கிடைக்கும். அபார்ட்மென்டில் கதவைத் திறந்தால் லிஃப்ட்தான் இருக்கிறது. நீங்கள்தான் கீழே இறங்க வேண்டியிருக்கும். சாயந்திரம் ஐந்து மணிக்குக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போய் உட்காருங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த உங்கள் வயதுக்காரர்கள் எந்த பிளாக்கிலும் ஒருவராவது இருப்பார்கள், அவர்களும் பேச்சுத்துணைக்கு ஏங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். மகனிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மாதத்தில் ஒரு நாள் உங்களைத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போக வேண்டும். பார்த்தசாரதி கோயில் தரிசனம் முடிந்ததும் பழைய தெருவில் விட்டுவிட்டு, சாயந்திரம் வந்து அழைத்துப் போகட்டும். அடுத்த அக்ரிமென்ட் போடும்போது வீடு எந்தப் பக்கம் என்பதில் உங்களையும் கேட்கச் சொல்லுங்கள்.