கத்திரி வெயிலில் வெளியே போக: வேலூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல்தான் கோட்டைப் பக்கம் நடக்கப் போகிறோம். அப்போதும் அனல் அடிக்கிறதே, ஏன்? (சைதாப்பேட்டை, வேலூர்)

கல்தான் காரணம். நம் ஊரைச் சுற்றி நிற்பவை மரம் குறைந்த பாறை மலைகள். கோட்டை மதிலும் கருங்கல். பகல் முழுக்க வாங்கிய சூட்டை அந்தக் கல் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டே இருக்கும். மதிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருக்கும். ராத்திரியெல்லாம் சூட்டை விட்டு, அது நன்றாக ஆறியிருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான்.

அதனால் இந்த ஊரில் எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மே மாதம் 5.45 மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. 5.15-க்குக் கிளம்பினால் 7.30 வரை நல்ல நேரம். எட்டு மணிக்கு மேல் நடை வேண்டாம். சாயங்காலம்தான் தோதுப்படும் என்றால் ஏழு மணிக்கு மேல், மண் தரையும் மரமும் உள்ள இடமாகப் போங்கள்.

கிளம்புமுன் இரண்டு டம்ளர் தண்ணீர், வழியில் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்கு நடையை நிறுத்துங்கள்.

அத்தைக்கு 62 வயது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு வெறுங்காலில் திருவண்ணாமலைக் கிரிவலம் போகவேண்டும் என்கிறார். கூட்டிப் போகலாமா? (போளூர்)

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாகத் தொடுங்கள், அழுத்த வேண்டாம். தொட்டது இரண்டு இடத்தில் தெரியவில்லை என்றாலும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்குத் தார் சாலைச் சூட்டில் கொப்புளம் எழும்பினாலும் தெரியாது. மறுநாள் செருப்புக்குள் ஈரம் கண்டபிறகுதான் தெரியவரும். சர்க்கரைப் புண் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வெறுங்கால் கூடாது என்று அன்போடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

உணர்ச்சி நன்றாக இருந்தாலும் அது 14 கிலோமீட்டர். அவர் நடைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் பிடிக்கும். தினமும் ஐந்து கிலோமீட்டராவது நடந்து பழகாதவர் கத்திரி வெயில் நாளில் இதைத் தொடங்கவே கூடாது. கூட்டமில்லாத வேறொரு நாளில் ஆட்டோவில் சுற்றி, இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடத்திலும் இறங்கிக் கும்பிடலாம். அதுவும் வலம்தான்.

நடந்தே போவதானால் இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். குளுக்கோஸ் பொடி கையில் இருக்கட்டும். வேர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி மூன்றும் சேர்ந்து வந்தால் அந்தப் பொடியில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்துப் பாருங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகம் வெளியேற்றும். அப்படி ஒன்று சாப்பிடுகிறாரா, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் முன்பே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஏலகிரிக்குக் காரில் போனோம். ஏறும்போது பிள்ளைகள் வாந்தி, இறங்கும்போது சக்கரத்தில் தீய்ந்த வாடை. என்ன தவறு? (ஆம்பூர்)

தீய்ந்த வாடை பிரேக்கிலிருந்து வந்தது. 14 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே, அதாவது இரண்டாவது கியரில் இறங்குங்கள். வண்டியை இஞ்சினே பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தி விடுங்கள், காலை அதன்மேலேயே வைத்திருக்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் டிஸ்க் கோணிவிடும்.

பிள்ளைகளுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, எதிரே வரும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மலைமேல் வேலூரைவிட ஐந்து டிகிரி அளவுக்குத்தான் சூடு குறையும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது. தொப்பி அங்கேயும் வேண்டும்.

மகனுக்கு ஒன்பது வயது. எங்கள் நிலத்துக் கிணற்றிலேயே நீச்சல் பழக்கலாமா? (குடியாத்தம்)

பழக்கலாம், படிக்கட்டு உள்ள கிணறாக இருந்தால். இறங்குமுன் மோட்டாரின் மெயின் சுவிட்சை இறக்கிவிடுங்கள். ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. ஒயர் தோல் உரிந்திருந்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும்.

சுரைக்குடுக்கை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஐந்து லிட்டர் காலி கேன் இரண்டு. மூடியை இறுக்கி, ராத்திரி முழுக்கத் தொட்டியில் அமுக்கி வைத்து உள்ளே நீர் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மார்புக்குக் கீழே கயிற்றைச் சுற்றி, குடுக்கையோ கேனோ முதுகுப் பக்கம் வரவேண்டும். முன்னால் வந்தால் பையன் குப்புற நீந்த முடியாது. நீச்சல் தெரிந்த பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே இருக்கவேண்டும்; மேலே கயிறோடு இன்னொருவர்.

கோடையில் நீர்மட்டம் கீழே போயிருக்கும். போன தை மாதம் குதித்த அதே படியிலிருந்து இப்போது குதித்தால் பாறையில் தலை மோதும். கல்குவாரிக் குட்டை, மண் அள்ளிய ஏரி இரண்டும் கூடவே கூடாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடியில் இரண்டு ஆள் பள்ளம் இருக்கும்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ புடவையோ வீசுங்கள். வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது எதுவும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு நெஞ்சில் 30 அழுத்து, இரண்டு ஊதல் என்று விடாமல் செய்யுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

சோளிங்கர் பெரிய மலைக்குப் படியேற எது நேரம்? (வாலாஜாபேட்டை)

1,305 படி. ஆறு மணிக்குள் முதல் படியில் கால் வையுங்கள். 8.30-க்கு மேல் கல் சுடும். குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாயும்; துணிப்பையை மார்போடு மாட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரோப் கார் இருக்கிறது.

அமிர்தி காட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோனால் பத்து மணிக்கே கெட்டுவிடுகிறது. எது தாங்கும்? (காட்பாடி)

தேங்காய் சேர்த்தது எதுவும் தாங்காது. பிரியாணியும் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஆபத்து. புளிசாதம் மதியம் வரை நிற்கும். தயிர்சாதம் என்றால் குழைத்த சாதத்தில் காய்ச்சிய பால் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசையுங்கள். ஐந்து மணிக்குப் பிசைந்தால் பத்து மணிக்குப் பதமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட நம் கேவுரு (கேழ்வரகு) கூழ் நல்லது. ஒரு கப் மாவை இரண்டு கப் தண்ணீரில் கரைத்து எட்டு மணி நேரம் புளிக்க விடுங்கள். கோடையில் அதற்கு மேல் விட்டால் பல் கூசும். அரை கப் நொய்யை நான்கு கப் தண்ணீரில் குழைய வேகவைத்து, மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி, ஆறினதும் உருண்டை பிடித்துத் தூக்கில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள். மோரைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துப் போய், சாப்பிடும்போதுதான் கரைக்கவேண்டும். உப்பையும் சின்ன வெங்காயத்தையும் அப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.