பாட்டிக்கு வராதது அம்மாவுக்கு வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 51 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். பதினைந்து வயதிலிருந்து வெற்றிலை போடும் பழக்கம், புகையிலையும் சேர்ப்பார். போன மாதம் பல் கிளினிக்கில் பார்த்தபோது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது என்று சொல்லி, பேராதனை பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தார்கள். அம்மா போக மறுக்கிறார். "உங்க பாட்டி 84 வயசு வரைக்கும் போட்டா, அவளுக்கு என்ன வந்துச்சு? ஒரு நாள் பேர் (சம்பளம்) போனதுதான் மிச்சமாகும்" என்கிறார். வெற்றிலையால் புற்றுநோய் வரும் என்ற ஆராய்ச்சிகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களை வைத்துச் செய்ததுதானே, எங்களுக்குப் பொருந்துமா?
(வாசகி, பொகவந்தலாவை)

பதில்: தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் இல்லை. பலருக்கு அது கடைசிவரை புற்றுநோயாக மாறுவதே இல்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று வெறும் கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. அதனால்தான் பேராதனைக்கு அனுப்புகிறார்கள்.

இனி பாட்டியின் கதைக்கு வருவோம். அம்மா பொய் சொல்லவில்லை. வெற்றிலை போடும் எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை; பெரும்பாலோருக்கு வராது. ஆனால் உங்கள் பாட்டியோடு ஒரே பெரட்டில் (காலையில் வேலைக்குப் பேர் பதியும் இடத்தில்) நின்ற பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் வாயைத் திறக்க முடியாமல், கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் காலத்தில் "வாய்ப்புண்ணு வந்து செத்தா" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். 84 வயது வரை இருந்தவரைத்தான் நமக்குத் தெரியும். 50 வயதில் போனவர் நம்மிடம் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

ஆய்வு செய்பவர்கள் அந்தக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். போட்டவர், போடாதவர், நோய் வந்தவர், வராதவர் என்று ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து எண்ணுகிறார்கள். அப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளிவந்த ஓர் அலசலில், இந்தியத் துணைக்கண்டத்தில் புகையிலையோடு வெற்றிலை போடுவோருக்கு வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, போடாதவர்களை விட ஏறக்குறைய 8 மடங்கு என்று தெரிந்தது. புகையிலை சேர்க்காதவர்களுக்கும் இரண்டரை மடங்கு. "புகையிலையை விட்டுட்டேன், பாக்கு மட்டுந்தான்" என்று என்னிடம் சொல்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கொட்டைப்பாக்கில் உள்ள சத்து கன்னத்தின் உள்தோலை நார் நாராக இறுக்குகிறது. சுண்ணாம்பு அந்தச் சத்தை இன்னும் வேகமாக உள்ளே இறங்க வைக்கிறது.

இது வெளிநாட்டுக்காரர் கணக்கு இல்லை. இந்தியாவிலும் தாய்வானிலும் நம் நாட்டிலும் வெற்றிலை போடுகிறவர்களின் வாயைப் பார்த்துச் சேர்த்தது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். தோட்டத்தில் பெண்களும் போடுவதால் அவர்களையும் அது விடுவதில்லை.

மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்த லயன் வீடுகள் எத்தனையோ வருடம் மழையைத் தாங்கி நின்றன. மண் சரியும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை வரை ஒன்றும் ஆகவில்லை. (அங்கிருந்த மக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. போக வேறு இடமில்லாதவர் எங்கே போவார்?) எந்த நாள், எந்த வீடு என்று எச்சரிக்கையில் இருக்காது. எந்தச் சரிவு என்றுதான் இருக்கும். உங்கள் அம்மா இப்போது அந்தச் சரிவில் இருக்கிறார். ஆனால் அவருக்கு விலகிப் போக இடம் இருக்கிறது.

வாயைப் பார்ப்பதால் உயிர் தப்புமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். கேரளாவில் திருவனந்தபுரம் பக்கம் 1996-இல் தொடங்கிய ஆய்வு அது. டொக்டர்மார் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் இறப்பது 34 சதவீதம் குறைந்தது என்று 2005-இல் வெளியிட்டார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது. எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த ஆய்வு இதுதான்.

பேராதனை பல் வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். பாதிப் பயம் தெரியாததால் வருவது. மரக்க ஊசி போட்டு, திட்டிலிருந்து சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. ஒரு நாள் பேர் போவது சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்து வீட்டில் அந்த ஒரு நாளின் பெறுமதி எனக்குத் தெரியும். ஆனால் முற்றிய பிறகு வருபவருக்கு ஒப்பரேஷன், கதிர்ச் சிகிச்சை என்று மாதக்கணக்கில் பேர் போகிறது. நீங்களும் கூடப் போங்கள்.

இன்றிரவே டோர்ச் அடித்து அம்மாவின் வாயைப் பாருங்கள். இரண்டு கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, உதட்டின் உள்பக்கம். வெள்ளையை விடச் சிவப்புத் திட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், கட்டி, கொச்சிக்காய் (மிளகாய்) பட்டால் தாங்க முடியாத எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் கிளினிக்கில் கொடுத்த திகதிக்குக் காத்திருக்காமல் போங்கள். அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் அதை அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும்.

வெற்றிலையை விடச் சொல்லுங்கள், ஆனால் திட்டாதீர்கள். குளிரிலும் பசியிலும் மலையில் நிற்கிறவருக்கு அதுதான் துணையாக இருந்தது. முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலும் இருக்கும், வேலை ஓடாது. ஒரு கராம்பு, ஒரு ஏலக்காய் கையில் கொடுத்து அனுப்புங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் போடும் வெற்றிலையை விடுவதுதான் பலருக்குக் கஷ்டம். அவரோடு வேலை செய்யும் ஒருவரையும் அந்த நேரத்து வெற்றிலையைச் சேர்ந்து விடச் சொன்னால் நிலைக்கிறது.

பரிசோதனை முடிவு நல்லதாக வந்தாலும் அவர்கள் சொல்லும் தவணைக்கு மறுபடி போக வேண்டும். திட்டு பிறகும் மாறலாம். கிளினிக் கார்டில் எழுதும் திகதியை உங்கள் போனிலும் குறித்து வையுங்கள்.