பெரியம்மா என்றே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் தங்கையின் மகன் 3 வயது முதல் வளர்ப்புப் பராமரிப்பில், எங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தில் வளர்கிறான். இப்போது அவனுக்கு 6 வயது. தங்கை போதைப் பழக்கத்திலிருந்து மீளவில்லை. அவளுடைய பெற்றோர் உரிமையை நீதிமன்றம் சென்ற மாதம் முடித்துவிட்டது. நானும் என் கணவரும் அவனைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். தங்கையோ, "என் பிள்ளையைப் பறித்துக்கொண்டாய்" என்கிறாள். என் அம்மா, "வந்த நாளிலிருந்தே உன்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கு, பழையதெல்லாம் தானாக மறந்துபோகும்" என்கிறார். தத்தெடுக்காமலே வளர்க்க வழியுண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தத்து ஆணை கையெழுத்தானதும் சட்டத்தின் கணக்கில் நீங்கள் அவனுக்குத் தாய், உங்கள் தங்கை அவனுக்குச் சித்தி. அக்காளும் தங்கையும் ஒரு காகிதத்தில் இடம் மாறிக்கொள்ளும் இந்த விசித்திரம், அயலார் தத்தெடுக்கும்போது நேர்வதில்லை. இந்தத் திருகலும் ஒரு காரணமாகச் சில நாடுகள் இடைவழி ஒன்றை வகுத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 இறுதியில் நடைமுறைக்கு வந்த சிறப்புக் காப்பாளர் ஏற்பாட்டில், அன்றாட முடிவுகளெல்லாம் வளர்ப்பவர் கையில் இருக்கும், பெற்றவள் சட்டப்படியும் தாயாகவே தொடர்வாள். அமெரிக்காவில், பராமரிப்பிலிருக்கும் பிள்ளைக்குக் காப்பாளராகும் உறவினருக்கு மாநிலங்கள் உதவித்தொகை வழங்க 2008ஆம் ஆண்டின் சட்டம் மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. ஆகவே வழி இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அது எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஆயினும் நீங்கள் தத்தெடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன். காப்பாளர் பொறுப்பு பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும்போது முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பும் அதை மாற்றக் கோரி நீதிமன்றம் போகலாம். பெற்றவள் தேறி வரக்கூடும், அவளது உரிமையும் அறுபடவில்லை என்ற நிலையில் அது அழகான ஏற்பாடு. உங்கள் தங்கையின் உரிமை முடிந்தபின் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் விலகிக்கொண்டால் பிள்ளை அவளிடம் திரும்பப் போவதில்லை, வேறொரு வீட்டுக்குப் போவான். பறித்தாய் என்பதற்கு இதைத் தவிர வேறு பதில் இல்லை. அதையும் இப்போது அவளிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளையை இழந்தவளோடு வாதாடி யாரும் வென்றதில்லை. ஆணை கைக்கு வருமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மருத்துவச் செலவுக்கோ மனநல ஆலோசனைக்கோ அரசு உதவி கிடைக்குமானால், அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உறவுதானே என்ற கூச்சத்தில் பலர் கேட்காமல் விடுகிறார்கள், பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

உங்கள் அம்மாவோடுதான் நான் முழுவதுமாக முரண்படுகிறேன். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, பெற்றோரைப் பிரிந்த குழந்தைக்கு மாற்று ஏற்பாடு தேடும்போது அதன் வளர்ப்பிலும் பண்பாட்டிலும் மொழியிலும் தொடர்ச்சி அறாமல் பார்க்கச் சொல்கிறது. உறவினரிடம் பிள்ளையைக் கொடுப்பதன் பயனே அந்தத் தொடர்ச்சிதான். பழையதை அழிப்பதானால் உறவினர் எதற்கு, யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாமே. நம் மொழி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. பெரியம்மா என்ற பெயருக்குள் அம்மா இருக்கிறாள், இன்னொரு அம்மாவுக்கும் அதில் இடம் இருக்கிறது. அவனாக ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள், கூப்பிடாவிட்டால் காத்திருக்கவும் செய்யாதீர்கள்.

என் தோழி ஒருத்தி இப்படித்தான் தன் அண்ணன் மகளைக் கூட்டிவந்தாள். 8 வயதுப் பெண், கறுப்பு நிறக் குப்பைப் பையில் துணிமணிகளோடு வந்து, அதைக் கதவோரம் வைத்தாள். அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தும் அடுக்கவில்லை. தினமும் பையிலிருந்தே எடுத்து உடுத்தி, துவைத்ததை மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள். தோழி ஒருநாள் ஆசையாகப் பிரித்து அடுக்கிவைக்க, பள்ளியிலிருந்து வந்த பெண் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் திணித்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஐந்தாறு மாதம் கழிந்து பை தானாகக் காலியாயிற்று. எந்த நாளில் என்று தோழிக்கே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவன் 3 ஆண்டு வளர்ந்த அந்தக் குடும்பம் உங்களுக்குத்தான் அறிமுகமில்லாதது. அவனுக்கு அது வீடு. உங்களிடம் வருவது நமக்கு மீட்பு, அவனுக்கோ இரண்டாவது முறையாகப் பிடுங்கி நடப்படுவது. கூடுமானால் அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், அவனைக் கூட்டிவரப் போகும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள்: முதல் பல் எப்போது விழுந்தது, காய்ச்சலில் என்ன சொல்லிப் பிதற்றுவான், தூங்க விளக்கு வேண்டுமா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான் என்பதையெல்லாம் அந்த வளர்ப்புத் தாயிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.