பனியன் கம்பெனிக்கு டேட்டா வேர்ஹவுஸ்: எங்கிருந்து தொடங்குவது?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஐடி பார்க்கிறீர்கள். கணக்கு டேலியிலும் உற்பத்தி விவரம் ஆளுக்கொரு எக்செல்லிலும் கிடக்கிறது. முதலாளி கேட்கும் ரிப்போர்ட்டைக் கொடுக்க டேட்டா வேர்ஹவுஸை, அதாவது சிதறிக் கிடக்கும் விவரத்தையெல்லாம் ரிப்போர்ட்டுக்காக ஒரே இடத்தில் சேர்க்கும் டேட்டாபேஸை, எப்படி வடிவமைப்பது என்பது உங்கள் கேள்வி. எனக்கும் இதே ஊர்ப்பக்கம் இதே வேலைதான், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எந்த சாஃப்ட்வேர் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் டையிங்கை (துணிக்குச் சாயம் போடுவதை) மட்டும் எடுத்துக்கொண்டு, ஃபேக்ட் டேபிளில், அதாவது நடந்த வேலையின் எண்களை வைக்கும் டேபிளில், ஒரு வரி என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள். இதற்குத்தான் கிரெய்ன் என்று பெயர். டேட்டா வேர்ஹவுஸ் வடிவமைப்பில் பெயர்பெற்ற ரால்ஃப் கிம்பல் வகுத்த முறையில் வரிசையே அதுதான்: எந்த வேலை, ஒரு வரி எதைக் குறிக்கிறது, பிறகு டைமென்ஷன்கள் (கலர், பையர், தேதி என எண்களைப் பிரித்துப் பார்க்க உதவும் விவரங்கள்), கடைசியில் எண்கள். டையிங்குக்கு "ஒரு டிசியில் ஒரு லாட், ஒரு கலர்" என்று வைத்தால் சரியாக வரும். டிசி என்பது துணியோடு போகும் டெலிவரி சலான், லாட் என்பது சேர்த்துச் சாயம் போடும் ஒரு தொகுதித் துணி. கட்டிங்கையும் ஸ்டிச்சிங்கையும் அதே டேபிளில் சேர்த்துவிடாதீர்கள். டையிங் வரை துணி கிலோவில் போகிறது, கட்டிங் தாண்டினால் பீஸ். இரண்டையும் ஒரே காலம்னில் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ப்ராசஸ் லாஸ், அதாவது டையிங்குக்குப் போய் வருவதில் குறையும் எடை, விஷயத்தில் ரொம்பக் கவனம் தேவை. ஒரு லாட்டில் 500 கிலோ அனுப்பி 460 வந்தால் லாஸ் 8 சதவீதம். இன்னொன்றில் 50 அனுப்பி 49 வந்தால் 2 சதவீதம். டேபிளில் சதவீதத்தை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் 5 என்று காட்டும். உண்மையில் 550 கிலோவுக்கு 41 கிலோ போயிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஏழரை சதவீதம். டையிங்காரரிடம் ரேட் பேசும்போது இந்த வித்தியாசம் பெரிய பணம். எனவே அனுப்பிய கிலோ, வந்த கிலோ இரண்டையும் சேமியுங்கள். சதவீதத்தை ரிப்போர்ட்டில் கணக்கிடுங்கள். குடோன் இருப்பும் இப்படித்தான்: ஒரே நாளில் எல்லாக் குடோனையும் கூட்டலாம், முப்பது நாள் இருப்பைக் கூட்டக் கூடாது.

டைமென்ஷனில் உயிரை வாங்குவது கலர்தான். மெர்ச்சண்டைசர் (பையரின் ஆர்டரைக் கவனிப்பவர்) 'நேவி' என்பார், டையிங்கில் 'நேவி ப்ளூ', கட்டிங் சீட்டில் 'என்.ப்ளூ'. மூன்றும் ஒன்று என்று ஒரே கலர் டேபிளில் தீர்த்து, எல்லா ஃபேக்ட் டேபிளும் அதையே பார்க்கும்படி செய்யாவிட்டால் டையிங்கில் வந்த துணியையும் கட்டிங்கில் வெட்டிய பீஸையும் எந்தக் காலத்திலும் பொருத்திப் பார்க்க முடியாது. உட்கார்ந்து செய்ய வேண்டிய சலிப்பான வேலை இது. ஆனால் மொத்தத் திட்டமும் இதில்தான் நிற்கிறது.

ஒரு பையரை ஒரு மெர்ச்சண்டைசரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றினால் பழைய பெயரை அழித்து எழுதாதீர்கள். புது வரி போட்டு, எந்தத் தேதி முதல் எதுவரை என்று குறித்து, தனி எண் கொடுங்கள். போன வருட ஆர்டர் பழையவர் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

தேதிக்கும் தனி டேபிள் வேண்டும்: ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு, வாரம், அப்புறம் தீபாவளி லீவு. தீபாவளி சில வருடம் அக்டோபரிலும் சில வருடம் நவம்பரிலும் வருவதால், அந்த லீவைக் குறிக்காமல் மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் உற்பத்தி விழுந்துவிட்டதாகவே தெரியும்.

டையிங் ரிப்போர்ட்டை டிசி புக்கோடு வைத்து ஒரு மாதம் சரிபாருங்கள். கிலோ ஒத்துப்போன பிறகு கட்டிங்குக்குப் போகலாம்.