கையில் நாலரை லட்சம், மனசில் ஒரு கார்: கேள்விகளுக்குப் பதில்கள்

கோவையில் 18 வருடமாகப் பழைய கார்களைச் சோதித்துச் சொல்வதுதான் என் வேலை. வாங்க நினைப்பவர் கூப்பிட்டால் போய், வண்டியை ஏற்றி அடியில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வேன். குடும்பத்துக்கென்று கார் பார்ப்பவர்கள் சத்தமாகப் பேசுவார்கள். ஆசைக்குக் கார் பார்ப்பவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், ஏதோ தப்பு செய்யப் போகிற மாதிரி. அது தப்பில்லை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வயது 31, திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கல்யாணம் ஆகவில்லை. எஃப்டியில் 4.5 லட்சம், அதுதான் மொத்தச் சேமிப்பு. 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்று 4.3 லட்சத்துக்கு வருகிறது. வாங்கட்டுமா? அப்பா திட்டுகிறார்.

பதில்: தம்பி, கார் வாங்குங்கள், ஆனால் இந்தக் கார் வேண்டாம். ஓட்டினால் சிரிப்பு தானாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் இருப்பது 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, அதாவது தானாகக் கியர் மாற்றும் கியர்பாக்ஸ். பத்து வருடம் ஓடிய பிறகு அதைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக்ஸ் யூனிட் கையைக் கடித்தால் பில் லட்சத்தைத் தொடும். அன்றைக்கு உங்களிடம் மிச்சம் இருப்பது இருபதாயிரம்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு ஒன்றுதான். முதலில் ஆறு மாத வீட்டுச் செலவை எடுத்துத் தனியாக வையுங்கள், அது காருக்கான பணம் இல்லை. அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இல்லையென்றால் அதைப் போட்டுவிடுங்கள். மீதி இருப்பதில் பாதிக்கு வண்டி, இன்னொரு பாதி அந்த வண்டியை ஓட வைக்க. உங்களுக்கு மாதம் 20 ஆயிரம் செலவு என்றால் 1.2 லட்சம் ஒதுங்கிவிடும், பாலிசிக்கு ஒரு 30 ஆயிரம், மீதி 3 லட்சம். வண்டிக்கு ஒன்றரை லட்சம்.

ஒன்றரை லட்சத்தில் என்ன கிடைக்கும் என்று முகம் சுளிக்காதீர்கள். 2005ல் வந்த முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட், அந்த 1.3 பெட்ரோல், 87 குதிரைத்திறன். வண்டி எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். ஸ்டீயரிங்கில் ரோடு தெரியும். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், ஸ்பேர் எங்கும் கிடைக்கும். இசட்எக்ஸ்ஐ மாடலில் ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு, தேடி அதையே எடுங்கள். அப்பாவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். கார் வாங்குவதைவிட, உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது என்பதுதான் அவருடைய பயமாக இருக்கும்.

கேள்வி: பேங்கில் 8 லட்சம் லோன் தருகிறார்கள் சார். சேமிப்பை ஏன் தொட வேண்டும்?

பதில்: 8 லட்சம், 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 17 ஆயிரம். மொத்தம் கட்டுவது 10.2 லட்சம், அதாவது வட்டி மட்டும் 2.2 லட்சம். பழைய காருக்கான லோன் என்றால் வட்டி இதற்கும் மேல். வேலைக்குப் போக கார் தேவை என்றால் லோன் போடலாம், அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்கு அறுபது மாதம் தவணை கட்டாதீர்கள். ஒரு மாதம் சம்பளம் தாமதமானாலும் ஆசையாய் வாங்கிய வண்டியைப் பார்க்கவே பிடிக்காமல் போகும். அப்படி என்னிடம் விற்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சாவியைக் கொடுத்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பாமலே போவார்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் வாங்க வேண்டும் என்கிறார், 3 லட்சம். மதுரையில் இருக்கிறோம், பெண் நாலாவது படிக்கிறாள். "இது இன்வெஸ்ட்மென்ட், விலை ஏறும்" என்கிறார். உண்மையா?

பதில்: சகோதரி, இன்வெஸ்ட்மென்ட் இல்லை. நன்றாக வைத்திருக்கும் ஜிப்ஸிக்கு நல்ல விலை கேட்கிறார்கள், அது உண்மை. ஆனால் அப்படி நன்றாக வைத்திருக்க ஆன செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆசையை முதலீடு என்று பெயர் மாற்றிப் பேசும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது. "எனக்கு ஆசையாக இருக்கிறது" என்று அவர் நேரடியாகச் சொன்னால் நீங்கள் இருவரும் உட்கார்ந்து தொகை பேசலாம்.

இன்னொன்று, இதை அவரும் படிக்கட்டும். ஜிப்ஸி 1985ல் வந்த வண்டி. நான்கு பக்கமும் லாரியில் இருப்பது போன்ற லீஃப் ஸ்ப்ரிங். காட்டுக்குள்ளும் மலை மேலும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ராணுவம் இத்தனை வருடம் வைத்திருந்தது சும்மா இல்லை. ஆனால் அதில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும் உற்பத்தியே நின்றுபோனது. பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்ச் சீட். அதில் உங்கள் பெண்ணை உட்கார வைத்து நாலு வழிச்சாலையில் போகவே கூடாது. அவர் தனியாகவோ நண்பரோடோ ஓட்டுவதென்றால், பள்ளிக் கட்டணத்தைத் தொடாத பணம் என்றால், சரி. குடும்பத்தோடு போக என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கேள்வி: மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் அப்பா வேலை பார்த்தார். அவர் கை பட்ட வண்டி என்று 2003 ஐகான் 1.6 வாங்க ஆசை. 90 ஆயிரம் சொல்கிறார்கள். செங்கல்பட்டில் இருக்கிறேன்.

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னை நிறுத்தி வைத்தது இதுதான். வாங்குங்கள் என்றுதான் மனசு சொல்கிறது. செலவை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் 1500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருடம் 7,897 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. 1000 முதல் 1500 சிசி வரை என்றால் 3,416தான். ஆர்சி 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10 ஆயிரம். பசுமை வரி தனி. 2003 வண்டிக்கு 2018லும் 2023லும் புதுப்பித்திருக்க வேண்டும், அந்த இரண்டும் நடந்ததா என்று ஆர்சியில் பாருங்கள். நடக்காத வண்டி என்றால் 90 ஆயிரம் அதிகம்.

ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஐகான் அதற்கும் பல வருடம் முன்பே நின்ற வண்டி. அதனால் பம்பர், விளக்கு, கதவுக் கண்ணாடி எல்லாம் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கையால் தேடி எடுக்க வேண்டியிருக்கும். கிடைக்கும்போது வாங்கி வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது கிடைக்காது. ரப்பர் ஹோஸ், பெட்ரோல் லைன், கேஸ்கெட் எல்லாவற்றையும் முதல் மாதமே மாற்றிவிடுங்கள், இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த வண்டி இல்லை அது. அப்பா இருக்கிறார் என்றால் வண்டி பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், எந்தக் கதவு ஆலையில் பொருத்தியது, எது பிறகு மாற்றியது என்று அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: டெல்லி வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற கட்டுப்பாடு வந்ததால்தான் விலை விழுந்தது. அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி, லாரி வாடகை எல்லாம் கூட்டினால் அந்தப் பாதி விலை முக்கால் ஆகிவிடும். அதற்கு மேல் அலைச்சல். சின்ன பட்ஜெட்டுக்கு உள்ளூர் வண்டியே போதும்.

கேள்வி: நாமே பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: காலையில் போங்கள், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் காபி நுரை மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள்.

ஓடோமீட்டரை நம்பாதீர்கள், அதைத் திருப்ப அரை மணி நேரம் போதும். பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தேய்மானம், டிரைவர் சீட் ஓரம், சர்வீஸ் பில், இவற்றைப் பாருங்கள். 60 ஆயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் வழுக்கையாக இருந்தால் அது ஒன்றரை லட்சம் ஓடிய வண்டி. கதவு ஓரத்து ரப்பரை இழுத்து உள்ளே வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். கம்பெனியில் வைத்தது வரிசையாக இருக்கும், டிங்கர் வேலை நடந்ததில் வரிசை குலைந்திருக்கும். சின்ன காந்தம் ஒன்றைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துப்போய் பாடியில் ஒட்டிப் பாருங்கள், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேகத்துக்கு முன் எஞ்சின் சுழற்சி (ஆர்பிஎம்) ஏறினால் கிளட்ச் போயிருக்கிறது. பழைய லோன் பாக்கி இருந்தால், லோன் தீர்ந்தது என்று காட்டும் படிவம் 35 கையெழுத்தாகாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனருடைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

கேள்வி: வாங்கியதும் எக்ஸாஸ்ட் மாற்றுவது, ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றுவது) எல்லாம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் பிடிப்பார்கள். நல்ல டயர் நாலு, புது ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், பிரேக் பேட். பழைய காரை ஓட்ட இனிமையாக்குவது இவைதான்.

கேள்வி: வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நியாயமான பயம். முதலில் ஒரு வார இறுதிக்கு செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்து ஆழியாரிலிருந்து வால்பாறைக்குப் போங்கள். 40 கொண்டை ஊசி வளைவு. விடியும் முன் கிளம்பினால் ரோடு காலியாக இருக்கும். இறங்கி வந்த பிறகும் மறுபடி ஏறத் தோன்றினால் வாங்குங்கள். கொல்லிமலை 70 வளைவும் இருக்கிறது, அதை இரண்டாவது தடவைக்கு வையுங்கள். வேகம்தான் ஆசை என்றால் ரோட்டில் வேண்டவே வேண்டாம், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் சென்னை டிராக் இருக்கிறது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். பென்ஷன் வருகிறது. வாழ்நாள் முழுக்க டிவிஎஸ் 50. இரண்டு லட்சம் செலவழித்தால் பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லை ஐயா. எத்தனையோ பேர் அந்தப் பணத்தை யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்துவிட்டு வருந்துகிறார்கள். பவர் ஸ்டீயரிங் உள்ள சின்ன வண்டியாக எடுங்கள், முதல் மாதம் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வண்டி பார்க்கக் கோவை வந்தால் நான் காசு வாங்காமல் பார்த்துக் கொடுக்கிறேன்.

கேள்வி: நீங்கள் உங்கள் சேமிப்பில் வாங்கியிருக்கிறீர்களா?

பதில்: இரண்டு தடவை. 2009ல் கையிலிருந்த மொத்தப் பணம் 1.8 லட்சத்தையும் போட்டு ஒரு பழைய செடான் வாங்கினேன். நாலாவது மாதம் கியர்பாக்ஸ் போனது. அதே வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நின்ற வண்டியை 60 ஆயிரத்துக்குத் தள்ளிவிட்டு, மீதிக்கு மாமாவிடம் கை நீட்டினேன். மேலே சொன்ன பாதிக்கணக்கு அன்றைக்குப் பிறந்தது. இரண்டாவது 2008 ஸ்விஃப்ட் 1.3, 2017ல் வாங்கியது, இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. போன வருடம் அதற்கு ஆன செலவு பெட்ரோல் போக 31 ஆயிரம், அதில் டயர் மட்டும் 17 ஆயிரம். இந்த சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அதில்தான் வால்பாறை போகிறேன். மகள் இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டாள்.